பதினஞ்சு நாள்

போன மாசம் எங்க ஆபீஸ் கிளையன்ட் ஒருத்தருக்கு வந்த செக் ரிட்டர்ன் ஆகி, பேங்க்லேர்ந்து மெமோ வந்துச்சு. எங்களோடது ஆடிட்டர் ஆபீஸ், கேஸ் நடத்துறது எங்க வேலை இல்ல, ஆனா அவருக்குத் தெரிஞ்ச வக்கீல் யாரும் இல்லைன்னு சார் ஒரு நம்பரைக் குடுத்து என்னையே பேசச் சொன்னார். நான் பதட்டமா, "மெமோ வந்து எட்டு நாள் ஆயிடுச்சுங்க சார், இன்னிக்கே நோட்டீஸ் அனுப்பிடலாங்களா"ன்னு கேட்டேன். வக்கீல் ரொம்ப நிதானமா, "எதுக்கும்மா பதறுறீங்க, நோட்டீஸ் அனுப்ப முப்பது நாள் இருக்கு, பேப்பரை எல்லாம் ஒழுங்கா எடுத்து வச்சிட்டு திங்கக்கிழமை வரச் சொல்லுங்க"ன்னார். போனை வச்சப்புறம் எனக்கு வேலையே ஓடல. முப்பதா? எங்க வீட்ல அது பதினஞ்சு. இருபது வருஷத்துக்கு மேல பதினஞ்சு. அந்த நம்பரைச் சொன்னாலே அம்மா பேசிட்டிருந்ததை விட்டுட்டு அடுப்படிக்குப் போயிடுவாங்க.

2001ல எங்களுக்கு ஈரோடு வீரப்பன்சத்திரத்துல எட்டு தறி இருந்துச்சு. காடா துணி ஓட்டி வெளியூர் வியாபாரி ஒருத்தருக்குக் குடுத்துட்டிருந்தார் அப்பா. அந்த ஆள் மார்ச் 2ஆம் தேதி போட்டு 1,84,000 ரூபாய்க்கு ஒரு செக் குடுத்தார், குடுக்கும்போதே "இப்ப பேங்க்ல போட்டுடாதீங்க, நான் சொல்றப்ப போடுங்க"ன்னும் சொன்னார். நூல்காரருக்கு அப்பா இதே மாதிரி சொன்னதுண்டு, அதனால அப்பாவுக்கு அது தப்பாவே தெரியல. ஏப்ரல், மே, ஜூன்னு போச்சு. அப்பெல்லாம் செக்குக்கு ஆறு மாசம் ஆயுசு. ஆகஸ்ட் கடைசி வாரத்துலதான் அப்பா துணிஞ்சு கலெக்‌ஷனுக்குப் போட்டார், பணம் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. 29ஆம் தேதி பேங்குக்குப் போய் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டு மெமோவை வாங்கிட்டு வந்தார். வாங்கினவர் நேரா வக்கீல்கிட்ட போகல, பஸ் ஏறி அந்த வியாபாரி வீட்டுக்குப் போனார். அவங்க வீட்ல காபி குடுத்திருக்காங்க, ஒரு வாரம் பொறுங்கன்னு சொல்லியிருக்காங்க. ஒரு வாரம் பொறுத்தார், இன்னொரு தடவை போனார், ஆள் இல்ல, மறுபடி போனார். வக்கீல் நோட்டீஸ் போன தேதி செப்டம்பர் 17. பத்தொம்பதாவது நாள். ஆறு மாசமும் முடிஞ்சு போனதால செக்கைத் திரும்ப பேங்க்ல போட்டு புது மெமோ வாங்கவும் வழியில்ல. 2002 நவம்பர்ல கேஸ் தள்ளுபடி. எதிர்த்தரப்பு வக்கீல் துணி குடுத்தாரா இல்லையா, பணம் பாக்கியா இல்லையான்னெல்லாம் பேசவே இல்லையாம், பேங்க் ரிஜிஸ்டர்ல இருந்த அப்பா கையெழுத்தையும் பக்கத்துல இருந்த தேதியையும் மட்டும் காட்டியிருக்கார். சிவில்ல போடலாம்னு சொன்னாங்க, அதுக்குக் கட்டவேண்டிய கோர்ட் ஃபீஸை நினைச்சு அப்பா வேண்டாம்னுட்டார். எட்டு தறியில மூணை வித்து நூல்காரருக்குக் குடுத்தோம். அப்ப நான் ஒம்பதாவது.

முப்பதுன்னு கேட்ட அன்னிக்கு ராத்திரி சட்டத்தை எடுத்துப் படிச்சேன். பதினஞ்சை முப்பதாக்கின திருத்தம் வந்தது 2002ஆம் வருஷச் சட்டத்துல. ஜனாதிபதி ஒப்புதல் 2002 டிசம்பர், நடைமுறைக்கு வந்தது 2003 பிப்ரவரி 6. எங்க கேஸ் தள்ளுபடியாகி முழுசா மூணு மாசம்கூட ஆகல. பழைய கேஸுக்கு அது எப்படியும் ஒட்டாதுன்னு எனக்குத் தெரியும், இருந்தும் அந்தத் தேதியை ரொம்ப நேரம் பாத்துட்டே உக்காந்திருந்தேன்.

பெட்டிக்குள்ள ரெண்டு காகிதம்

அந்த ஞாயித்துக்கிழமை அப்பாவோட ட்ரங்குப் பெட்டியைத் திறந்து கேஸ் கட்டைத் தேடினேன். அதுக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் கவர்ல தாத்தாவோட புரோநோட்டு ஒண்ணு இருந்துச்சு. 1962ல கைத்தறி ஒண்ணு வாங்க 400 ரூபாய் கடன். ஊதா மையில எழுதினது, மடிப்புல எல்லாம் கிழிஞ்சு போயிருக்கு. "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது அசலும் வட்டியும் செலுத்துகிறேன்"னு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல தாத்தாவோட கோணல் கையெழுத்து. பின்பக்கம் 1964லயும் 1966லயும் வரவு வச்சது ரெண்டு வரி. கடைசியா பைசல்னு எழுதி, கையெழுத்து மேல குறுக்கா கோடு. பைசல் ஆனதாலதான் நோட்டு தாத்தா கைக்கே திரும்பி வந்திருக்கு.

தாத்தா காகிதமும் அப்பா காகிதமும் ஒரே சட்டத்துக்குள்ள வர்றது. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், என்.ஐ. ஆக்ட்னு சொல்லுவாங்க. புரோநோட்டு 4ஆவது பிரிவு. செக் ரிட்டர்ன் 138ஆவது பிரிவு. இன்னிக்கு கோர்ட் பக்கத்து ஸ்டேஷனரி கடையில புரோநோட்டு ஃபாரம் வாங்கினா தாத்தா எழுதின அதே வாசகம்தான் அச்சடிச்சிருக்கும், தேதியையும் பேரையும் நிரப்ப வேண்டியதுதான். 138 அப்படியில்ல, வந்ததுலேர்ந்து தையல் போட்டுக்கிட்டே இருக்காங்க. இதைப் பாக்கிற வரைக்கும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்துச்சு, வெள்ளைக்காரன் எழுதின சட்டம் கெட்டி, நம்மாளுங்க எழுதுறது அவசரக் கோலம்னு. டெய்லி ஜிஎஸ்டியோட மாரடிக்கிற எவருக்கும் அந்த எண்ணம் வரும். சப்ளையர் போர்ட்டல்ல காட்டாத பில்லுக்கு எவ்வளவு கிரெடிட் (வாங்கினப்ப கட்டின வரியைக் கழிச்சுக்கறது) எடுக்கலாம்னு ஒரே ஒரு விதி, 36(4), 2019 அக்டோபர்ல 20 சதவீதம்னு வந்துச்சு, 2020 ஜனவரியில 10 ஆச்சு, 2021 ஜனவரியில 5, 2022 ஜனவரியில காட்டாத பில்லுக்கு ஒண்ணுமே கிடையாதுன்னு ஆயிடுச்சு. ஒவ்வொரு தடவையும் எக்செல் ஷீட்டை மாத்தினது நான். அதனால புதுச் சட்டம்னாலே ஒரு சலிப்பு. ஆனா பெட்டியில இருந்த ரெண்டு காகிதமும் ஒரே சட்டம்ங்கறப்ப, எழுதினவன் யாருங்கறதை வச்சு மட்டும் இதைச் சொல்லிட முடியாதுன்னு தோணுச்சு.

கருப்புக் குதிரை

4ஆவது பிரிவைப் படிச்சுப் பாருங்க, ஒரு பக்கம்கூட வராது. புரோநோட்டுன்னா என்னன்னு சொல்லிட்டு, எது புரோநோட்டு எது இல்லைன்னு கதை மாதிரி உதாரணங்கள் குடுத்திருக்காங்க. "பி-க்கு 500 ரூபாய் தர்றேன்"னா அது நோட்டு. "சி-யோட எனக்குக் கல்யாணமாகி ஏழு நாள் கழிச்சு 500 ரூபாய் தர்றேன்"னா இல்ல, ஏன்னா கல்யாணம் நடக்குமோ நடக்காதோ. "டி செத்துப்போய் எனக்குப் போதுமான சொத்தை விட்டுட்டுப் போனா தர்றேன்"னாலும் இல்ல. கடைசி உதாரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, "500 ரூபாயும், வர்ற ஜனவரி 1ஆம் தேதி என்னோட கருப்புக் குதிரையையும் தர்றேன்". அதுவும் நோட்டு ஆகாது, ஏன்னா நோட்டுன்னா பணம் மட்டும்தான். இன்னிக்கு ஈரோட்டுல யார்கிட்டயும் கருப்புக் குதிரை இல்ல, ஆனா 500 ரூபாயும் பத்து கிலோ மஞ்சளும் தர்றேன்னு எழுதினா அது ஏன் செல்லாதுன்னு அந்தக் குதிரையை வச்சே ஒரு பிள்ளைக்குக்கூட சொல்லிப் புரியவச்சிடலாம்.

இந்தப் பிரிவு யாரையும் பிடிக்கல, யாரையும் மிரட்டல. ஏற்கெனவே கடைவீதியில நடந்துட்டிருந்த ஒரு காரியத்துக்குப் பேர் வச்சு, அதோட எல்லையைக் காட்டுது, அவ்வளவுதான். அதை எழுதறதுக்கும் அவசரப்படல. முதல் வரைவு 1866ல, அடுத்த வருஷம் கவுன்சில்ல வச்சிருக்காங்க, வியாபாரிங்க எதிர்ப்பு தெரிவிச்சு, திருப்பி எழுதி, மறுபடியும் கமிஷனுக்குப் போய், சட்டமானது 1881ல. பதினஞ்சு வருஷம். (இங்கயும் பதினஞ்சு!) அதோட முதல் பிரிவுலயே இன்னொண்ணு சொல்லியிருக்கு, கீழ்த்திசை மொழிகள்ல எழுதின ஆவணங்கள்ல இருக்கிற உள்ளூர் வழக்கத்தை இந்தச் சட்டம் தொடாதுன்னு. அதாவது நம்ம ஊர்ல உண்டியல் எழுதிட்டிருந்தவங்க அவங்க வழக்கப்படியே எழுதலாம். ஊர் ஏற்கெனவே செஞ்சுக்கிட்டிருந்த கணக்கைக் கலைக்காம அது மேல கூரை மட்டும் போட்டிருக்காங்க. அதனாலதான் தாத்தாவுக்கு அப்படியொரு சட்டம் இருக்குன்னே தெரியாம, சட்டப்படி ஒரு எழுத்துப் பிசகாம நோட்டு எழுத முடிஞ்சிருக்கு.

இதே சட்டத்துல நாள் கணக்கு சொல்ற இடம்கூட எப்படி இருக்குன்னு பாருங்க. 105ஆவது பிரிவுல, எது நியாயமான காலம்னு பாக்க அந்தப் பத்திரத்தோட தன்மையையும் அது மாதிரி பத்திரங்களை வழக்கமா எப்படிக் கையாள்றாங்கங்கறதையும் பாருன்னு சொல்லுது, லீவு நாளைக் கழிச்சுக்கன்னும் சொல்லுது. 106 கண்டிப்பானதுதான், பத்திரம் மறுக்கப்பட்டா வெளியூர்க்காரனுக்கு அடுத்த தபால்லயோ மறுநாளோ தகவல் அனுப்பணும்ங்குது. ஆனா "அடுத்த தபால்"ங்கறது அந்தக் காலத்து வியாபாரி தினமும் பாத்துட்டிருந்த அளவு, வானத்துலேர்ந்து இறங்கின நம்பர் இல்ல. நம்பரே கூடாதுன்னு நான் சொல்ல வரல. புரோநோட்டுக்கு மூணு வருஷக் கெடுன்னு எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் தெரியும், மூணு வருஷம் முடியறதுக்குள்ள வரவு வச்சு வாங்கணும்னு தலைமுறை தலைமுறையா பழகிட்டாங்க, தாத்தா நோட்டு பின்னாடி இருக்கிற ரெண்டு வரியும் அந்தப் பழக்கம்தான்.

138

இப்ப 138க்கு வர்றேன். 1988ல எழுதி, 1989 ஏப்ரல் 1லேர்ந்து நடைமுறை. செக்குன்னா ஜனங்க நம்பி வாங்கணும், அதுக்குப் பணமில்லாம செக் குடுக்கிறதைக் குத்தமாக்கணும்னு பழைய வீட்டோட ஒட்டி ஒரு புது அறை கட்டினாங்க. நோக்கம் நல்ல நோக்கம், எங்கப்பா மாதிரி ஆளுக்காகவே கட்டின அறை அது. ஆனா ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பற சட்டத்துல வழக்கத்தைப் பாரு, நியாயத்தைப் பாருன்னு நெகிழ்வா எழுத முடியாது, எல்லாத்தையும் கெட்டியா நாள் வச்சு சொல்லணும், அதனால மெமோ வந்து பதினஞ்சு நாளுக்குள்ள நோட்டீஸ், நோட்டீஸ் கைக்குக் கிடைச்சு பதினஞ்சு நாளுக்குள்ள செக் குடுத்தவன் பணம் குடுக்கணும், குடுக்கலைன்னா அதுலேர்ந்து ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுன்னு வரிசையா வச்சாங்க. செக் வாங்கினவன் முதல்ல கடன்காரன் வீட்டுக்குப் போய் காபி குடிப்பான், ஒரு வாரம் பொறுப்பான், இன்னொரு வாரம் பொறுப்பான், தெரிஞ்சவங்களை வச்சுப் பேசிப் பாப்பான்ங்கறது அந்தக் கணக்குல இல்ல. நம்ம ஊர்ல அப்படிப் போகாம நேரா வக்கீல் நோட்டீஸ் விட்டா அதுதான் அநாகரிகம், வியாபாரத்துல அடுத்த தடவை யாரும் சரக்கு எடுக்க மாட்டாங்க. அப்பா செஞ்சது சோம்பேறித்தனம் இல்ல, மரியாதை. சட்டத்துல அந்த மரியாதைக்கு நாலு நாள் பத்தல.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாம் இதே மாதிரிதான். 2002 திருத்தத்துல பதினஞ்சு முப்பதாச்சு, ஒரு வருஷ ஜெயில் ரெண்டு வருஷமாச்சு, கோர்ட்டுக்குப் போக தாமதமானா தகுந்த காரணம் காட்டினா ஏத்துக்கலாம்னு ஒரு ஜன்னல் வச்சாங்க. எந்த ஊர்ல கேஸ் போடறதுங்கறதுல அடுத்த குழப்பம். 1999ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல அஞ்சு இடத்துல எங்க வேணா போடலாம்னு சொல்லியிருந்துச்சு, 2014 ஆகஸ்ட் 1ஆம் தேதி தசரத் ரூப்சிங் ராத்தோட் வழக்குல, செக் குடுத்தவனோட பேங்க் இருக்கிற ஊர்லதான் போடணும்னு மாத்திடுச்சு. ஈரோட்டுல துணி வித்தவன் வாங்கினவனோட ஊருக்கு பஸ் ஏறணும், அது எத்தனை மாநிலம் தாண்டி இருந்தாலும். ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள, 2015 ஜூன்ல அவசரச் சட்டம் போட்டு, பணம் வாங்க வேண்டியவனோட பேங்க் கிளை இருக்கிற ஊர்லயே போடலாம்னு திருப்பினாங்க. 2018ல, கேஸ் நடக்கும்போதே செக் தொகையில 20 சதவீதம் வரைக்கும் இடைக்காலமா குடுக்கச் சொல்லலாம்னு இன்னொரு பிரிவு. இவ்வளவு ஒட்டுப் போட்டும் 2019 கடைசியில நாட்டுல நிலுவையில இருந்த 2.31 கோடி கிரிமினல் கேஸ்ல 35.16 லட்சம் செக் கேஸ்னு சுப்ரீம் கோர்ட்டே எழுதியிருக்கு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் 138 கிழியாம வளைஞ்சு குடுத்திருக்கு. செக்கை ஆறு மாசத்துக்குள்ளயோ அல்லது அது செல்லுபடியாகிற காலத்துக்குள்ளயோ, எது முன்னாடியோ அதுக்குள்ள பேங்க்ல போடணும்னு எழுதியிருந்தாங்க. அதனால 2012 ஏப்ரல்ல ரிசர்வ் பேங்க் செக்கோட ஆயுசை மூணு மாசமா குறைச்சப்ப பார்லிமென்ட் ஒரு எழுத்தைக்கூட மாத்த வேண்டி வரல. அந்த ஒரு "அல்லது"ல இருந்த அடக்கம் பதினஞ்சுல இல்ல.

எது நிலைக்குதுங்கறதுல எனக்கு இருக்கிற பயம்

இவ்வளவும் எழுதிட்டு, ரொம்ப நாள் நிலைக்கிற சட்டம்தான் நல்ல சட்டம்னு நான் சொல்லிட்டுப் போனா அது பொய். 1860ல எழுதின இந்திய தண்டனைச் சட்டத்துல 497ன்னு ஒரு பிரிவு இருந்துச்சு, அடுத்தவன் மனைவியோட உறவு வச்சவன் குத்தவாளி, ஆனா அவ புருஷன் சம்மதிச்சிருந்தா குத்தமே இல்ல. பொம்பளையை புருஷனோட உடைமையா வச்சுப் பாக்கிற பார்வை அது, 2018 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ற வரைக்கும் 158 வருஷம் கம்முனு உக்காந்திருந்துச்சு. அது நிலைச்சது நல்லா எழுதினதால இல்ல, அதால காயப்பட்டவங்க குரல் எழுதற இடம் வரைக்கும் போகாததால. அதே சமயம் சீக்கிரம் திருத்தப்படறது எல்லாம் கோளாறும் இல்ல. அரசியல் சட்டமே 1950 ஜனவரியில வந்து 1951 ஜூன்ல முதல் திருத்தம் கண்டுச்சு, ஒன்றரை வருஷம்கூட ஆகல, அதுக்கு ஒரு முக்கியக் காரணம் நம்ம மெட்ராஸ் மாகாண வகுப்புவாரி அரசாணை செல்லாதுன்னு செண்பகம் துரைராஜன் வழக்குல வந்த தீர்ப்பு. அந்தத் திருத்தத்துல வந்த 15(4), பின்தங்கின வகுப்புகளுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம்ங்கற பிரிவு, இன்னும் நிக்குது, எத்தனையோ வீட்டுல முதல் பட்டதாரி அதாலதான் வந்தாங்க. 1967ல சுயமரியாதைக் கல்யாணத்தை ஏத்துக்கிட்டு இந்து திருமணச் சட்டத்துல தமிழ்நாட்டுக்குன்னு 7ஏ சேத்ததும் ஒரு திருத்தம்தான். ஜனங்க அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே மாலை மாத்தி, மேடையில பேசி கல்யாணம் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க, சட்டம் பின்னாடி வந்து சேந்துச்சு. அதுல இன்னிவரைக்கும் கை வைக்க யாருக்கும் அவசியம் வரல.

அதனால பழசா புதுசா, யார் எழுதினதுங்கறதை எல்லாம் நான் இப்ப பாக்கறதில்ல. அந்தப் பிரிவு எழுதறப்ப அதுக்குள்ள வாழப்போற ஆளோட நடையை யாராவது கூட நடந்து பாத்தாங்களாங்கறதைத்தான் பாக்கறேன். பாக்காம எழுதினா அவங்கவங்க தோத்துத் தோத்து அளவு சொல்ல வேண்டியிருக்கு. பதினஞ்சு முப்பது ஆகணும்னா எத்தனை பேர் பதினாறாவது நாளும், பத்தொம்பதாவது நாளும், இருபத்தஞ்சாவது நாளும் கோர்ட்ல நின்னு தலை குனிஞ்சிருக்கணும். திருத்தத்துல அவங்க பேர் வர்றதில்ல. "பதினஞ்சு என்ற சொல்லுக்குப் பதிலாக முப்பது"ங்கற மாதிரி ஒத்தை வரிதான் வரும்.

அப்பாகிட்ட சொல்றதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். அவருக்கு இப்ப எழுபத்தி மூணு. தறி எல்லாம் போய் பல வருஷம் ஆச்சு, அந்த விஷயத்துல தன்மேலதான் தப்புன்னு அவருக்குள்ள முடிஞ்சு போன கணக்கு அது. அம்மாகிட்ட ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசினதில்ல, "நாலு நாள் நான் தூங்கிட்டேன்"னுதான் சொல்லுவார். போன ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டு திண்ணையில உக்காந்திருந்தப்ப சொன்னேன். சட்டத்தை மாத்திட்டாங்கப்பா, இப்ப முப்பது நாள், நம்ம கேஸ் முடிஞ்ச அடுத்த மாசமே ஒப்புதல் ஆயிடுச்சுன்னு. கோபப்படுவார்னு நினைச்சேன். அவர் கேஸ் கட்டை எடுத்துட்டு வரச் சொன்னார். மெமோவை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு தேதியைப் பாத்தார், நோட்டீஸோட நகலைப் பாத்தார். அப்புறம் விரல் கணுவுல ஒண்ணொண்ணா எண்ண ஆரம்பிச்சார், ஆகஸ்ட் முப்பது, முப்பத்தொண்ணு, செப்டம்பர் ஒண்ணு. பதினேழுல நிறுத்திட்டு என்னைப் பாத்தார்.

"இன்னும் பதினோரு நாள் இருந்திருக்குது கண்ணு"ன்னார். உள்ள திரும்பி அம்மாவைக் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொன்னார்.